முழ நீளச் சொல்லை அசை எண்ணிக் கெடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வரும் ஆங்கிலச் சொல் பகுதியை எங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கிறோம், என் மகள் கத்தரித்து நோட்டில் ஒட்டியும் வைக்கிறாள், அதனால்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் 'செஸ்க்விபெடேலியன்' என்ற சொல்லைப் போட்டு, 'பல அசைகளைக் கொண்டது, பல்லசைச் சொல், கிரேக்க மூலம்' என்று இரண்டு வரியில் கணக்கை முடித்துவிட்டீர்கள். மூலம் கிரேக்கம் இல்லை, லத்தீன். சரி, அது சின்ன விஷயம், அடுத்த வாரம் ஒரு வரி திருத்தம் போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற கிண்டல் மொத்தமும் உங்கள் இரண்டு வரியில் காணாமல் போய்விட்டது, அதைத்தான் விட மனசு வரவில்லை.

நீங்கள் நினைத்தது 'பாலிசிலபிக்' என்கிற இன்னொரு சொல்லாக இருக்க வேண்டும். அது கிரேக்கம்தான். 'பாலி' என்றால் பல. 'சிலபிள்' என்பது 'சேர்த்துப் பிடித்தது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஒலிகளை ஒரு பிடியில் சேர்த்துச் சொல்வதால் அந்தப் பெயர். அதில் யாரையும் யாரும் கேலி செய்யவில்லை. செஸ்க்விபெடேலியன் அப்படியல்ல. அதில் அசை என்ற பேச்சே கிடையாது. அதில் இருப்பது கால். 'பெஸ்' என்றால் லத்தீனில் பாதம், அதுவே அளவுக்கும் பெயர், நாம் அடி என்கிறோமே அதே மாதிரி. 'செஸ்க்வி' என்றால் ஒன்றரை. அதன் உள்ளே பார்த்தால் இன்னும் வேடிக்கை: 'செமிஸ்' என்றால் அரை, அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'க்வே' என்பது நம் 'உம்' போலச் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. ஆக 'அரையும்' என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஒன்று என்பது சொல்லாமலே நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் 150ஆம் ஆண்டு விழாவை ஆங்கிலத்தில் செஸ்க்விசென்டெனியல் என்பதும் இந்த ஒன்றரையால்தான், ஒன்றரை நூறு.

மொத்தத்தில் அது ஒன்றரை அடி நீளச் சொல். ரோமானியர்களுக்கு இது ஏதோ கவிஞன் கற்பனை செய்த அளவும் அல்ல, கட்டட வேலைக்காரன் வாயில் புழங்கியது. அவர்கள் சுட்ட பெரிய தட்டைச் செங்கல்லில் ஒரு வகைக்கே இந்தப் பெயர்தான், பக்கத்துக்கு ஒன்றரை ரோமன் அடி, அதாவது நம் ஸ்கேலில் கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர்.

இந்த 44 சென்டிமீட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். ரோமானியர்களிடம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளக்கும் ஓர் அளவும் இருந்தது, அது சரியாக ஒன்றரை அடி. நம்மிடமும் அதே அளவு இருக்கிறது, 18 அங்குலம், அதன் பெயர் முழம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பூக்கார அம்மாவிடம் போய் நின்றால், சரத்தின் நுனியை விரல் இடுக்கில் பிடித்து, முழங்கை வரை இழுத்து, கடைசியில் ஒரு சின்ன மடக்கு மடக்கி ஓர் அரைச் சாணைத் தன் பக்கம் காப்பாற்றிக்கொண்டு அளந்து கொடுக்கிறாரே, அந்த முழம். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'முழ நீளச் சொல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொருளும் புரிந்துவிடும், சிரிப்பும் வந்துவிடும். அதை விட்டுவிட்டுப் பல்லசை என்று எழுதினால், அதென்ன பல் வலிக்கு மருந்தா என்று கேட்கிறாள் என் மகள்.

அதிலும் அசை என்று நீங்கள் போட்டதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தின் சிலபிளும் நம் யாப்பு இலக்கணத்தின் அசையும் ஒன்றல்ல. மொழியியல் படித்தவர்கள் வசதிக்காக அசை என்றே எழுதுகிறார்கள், அது அவர்கள் துறை, நான் குறுக்கே போகவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை நேர், நிரை என்று அலகிட்டுப் பழகுகிறது, அதற்குக் குழப்பம் வரும். 'கடல்' என்பது ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள், நம் கணக்கில் ஒரே நிரையசை. மணலி அங்கே மூன்று, இங்கே இரண்டு. ராயபுரம் அங்கே நான்கு, இங்கே மூன்று. அவ்வளவு ஏன், நீங்கள் போட்ட அந்தச் சொல்லையே எடுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு சிலபிள். தமிழில் எழுதி அலகிட்டால் செஸ்க், விபெ, டே, லியன் என்று நான்கே அசை, நேர் நிரை நேர் நிரை. இதற்கு வாய்பாடு கூவிளந்தண்ணிழல். வில்வ மரத்தின் குளிர்ந்த நிழல்! எவ்வளவு கரடுமுரடான சொல்லாக இருந்தாலும் நம் இலக்கணக்காரர்கள் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அடி என்ற சொல்லும் சும்மா இல்லை. லத்தீன்காரனுக்கு 'பெஸ்' காலும் ஆகும், நீள அளவும் ஆகும், செய்யுளின் ஓர் உறுப்பும் ஆகும். நமக்கும் அடி இந்த மூன்றும் ஆகும், செய்யுளில் மட்டும் அவர்கள் அந்தப் பெயரைச் சீருக்கு வைத்தார்கள், நாம் முழு வரிக்கு வைத்தோம். அதனால் ஒரு விசித்திரம் நடந்துவிட்டது. ஒன்றரை அடி என்றால் அவர்களுக்கு நீட்டி முழக்குவது. நமக்கோ அதைவிடக் கால் அடி கூடுதலாக, ஒன்றே முக்கால் அடி என்றால், உலகத்திலேயே சுருக்கமாகச் சொன்னவர் என்று அர்த்தம். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று, அவ்வளவுதான் திருக்குறள். அந்த ஏழு சீருக்குள் நீளமான சொல் வந்து மாட்டிக்கொண்டால் இடம் கொடுப்பதும் இல்லை, வெட்டித் தள்ளிவிடுவார்கள். 'இறைவன் அடிசேரா தார்' என்று அச்சில் தனியாக நிற்கிற அந்தத் 'தார்' எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 'அடிசேராதார்' என்று சேர்த்தால் நான்கு அசை, வெண்பாவில் ஒரு சீருக்கு மூன்று அசையோடு கதவு சாத்தியாகிவிட்டது, வாலை அறுத்துக் கடைசிச் சீராக்கிவிட்டார்கள். இதற்கு வகையுளி என்று பெயர். என் தொழிலுக்கு மிகவும் பிடித்த சொல் அது. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இப்போது கிண்டல் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். இந்தச் சொல்லை முழ நீளத்துக்குப் பிரபலமாக்கியவர் ஹோரஸ் என்ற ரோமக் கவிஞர், கி.மு. 65இல் பிறந்து கி.மு. 8இல் இறந்தவர். கவிதை எழுதுவது எப்படி என்று அவர் செய்யுளாகவே எழுதிய நூலில் 97ஆவது வரியில் இது வருகிறது. அந்த இடத்தில் டெலிஃபஸ், பெலியஸ் என்று பழைய கிரேக்க நாடகங்களில் வரும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு பேரும் பெரிய இடத்து ஆட்கள்தான், ஆனால் கதையின் அந்தக் கட்டத்தில் ஒருவன் கந்தலில் நிற்கிறான், இன்னொருவன் நாடு கடத்தப்பட்டு நிற்கிறான். அந்த நிலையில் நிற்பவன், பார்க்கிறவன் நெஞ்சைத் தன் புலம்பல் தொட வேண்டும் என்று நினைத்தால், ஆம்புல்லாவையும் முழ நீளச் சொற்களையும் தூக்கி எறிந்துவிடுவான் என்கிறார் ஹோரஸ். ஆம்புல்லா என்றால் வயிறு உப்பிய சின்னக் குப்பி, எண்ணெய், வாசனைத் திரவியம் ஊற்றி வைப்பது. உப்பிப்போன பேச்சுக்கும் அதுவே பெயரானது. ஊசி மருந்து வருகிற கண்ணாடிக் குப்பியை ஆம்பியூல் என்று நர்ஸ் சொல்கிறாரே, அந்தச் சொல்லின் பாட்டி.

அதற்கு இரண்டு வரி முன்னால் இன்னொன்று சொல்கிறார், துயரப்படுகிறவன் 'நடந்து போகிற பேச்சில்' அழுகிறான் என்று. ரதமும் குதிரையும் இல்லாமல் காலால் நடக்கிற மொழி. இதை எனக்குத் தமிழில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, நாம் அதை உரைநடை என்றே வைத்திருக்கிறோம். ஆக ஒரே மூச்சில் காலை வைத்து இரண்டு விளையாட்டு: ஒரு பக்கம் நடக்கிற மொழி, இன்னொரு பக்கம் ஒன்றரைக் கால் நீளச் சொல். அதைவிடக் குறும்பு, கண்டிக்கிற அந்தச் சொல்லே நீளம். ஆறு சீர் உள்ள வரியில் இரண்டு சீரை அது ஒன்றே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மனுஷன் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஆங்கிலத்துக்குப் போனபோது கேலியும் கூடவே போனது, இன்றைக்கு ஆங்கிலத்தில் சொல்லையும் அப்படிச் சொல்வார்கள், அப்படிப்பட்ட சொற்களாகவே பேசுகிற ஆளையும் சொல்வார்கள். இரண்டு வகையிலும் பாராட்டு குறைவு.

ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நான் தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸும் போஸ்டரும் நோட்டீஸும் அடிக்கிறவன், வார்த்தைகளைச் சதுர அடிக் கணக்கில் விற்பவன். ஹோரஸ் சொன்ன காட்சி எங்கள் கடையில் அடிக்கடி நடக்கிறது. சாவு வீட்டிலிருந்து வருவார்கள். மகன் வருவான், கூட ஏரியாவில் சங்கப் பொறுப்பில் இருக்கிற ஒருவர் வருவார். போட்டோவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, மேட்டர் என்ன போடுவது என்று கேட்டால் மகன் சொல்வது பெரும்பாலும் மூன்று நான்கு வார்த்தைதான். 'அம்மா பூட்டாங்கண்ணா. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம்.' அவ்வளவுதான் அவனிடம் இருக்கிறது. உடனே கூட வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார், எங்கள் ஆருயிர்த் தாயார், அன்புக்கும் பண்புக்கும் இலக்கணமாகத் திகழ்ந்தவர், மண்ணுலக வாழ்வை நீத்து விண்ணுலகெய்திய பேரிழப்பைத் தாங்கொணாத் துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று. நான் டைப் அடித்துக்கொண்டே இருப்பேன். மகன் அந்தப் பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆறுக்கு நாலில் இது அடங்காது, எழுத்தைச் சின்னதாக்கினால் போட்டோவுக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும், 'தெரிவித்துக்கொள்கிறோம்' என்பதை எங்கே வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவது என்று நான் திரையில் தேடிக்கொண்டிருப்பேன். வகையுளி எனக்கு ஏன் பிடிக்கும் என்று இப்போது தெரிகிறதா?

அவரைக் குறை சொல்லவில்லை. செத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றுதான் அவர் நீட்டுகிறார், அந்த மரியாதைக்கு எங்கள் பக்கத்தில் மதிப்பு உண்டு. ஆனால் இரண்டில் எது நெஞ்சைத் தொடுகிறது என்று என்னைக் கேட்டால், 'அம்மா பூட்டாங்க' என்பதைச் சொல்வேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமில் உட்கார்ந்து ஒருவர் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அதில்தான் அந்தச் சொல்லே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் போய் அசைக் கணக்காக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தமிழே முழ நீள மொழி என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது எழுத்தில் நீளம்தான், ஆனால் அது எந்தக் குழந்தைக்கும் புரியும், ஒவ்வொரு துண்டும் தனக்குரிய வேலையைச் செய்கிறது. நான் முழ நீளம் என்பது அதை அல்ல. எங்கள் தெரு மின்பெட்டியில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: 'உட்கட்டமைப்பு மேம்பாட்டுப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் மின்விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்.' எதிர்வீட்டு ஆயா என்னைக் கூப்பிட்டு, 'இன்னாப்பா எழுதிக்கீது?' என்றார். 'நாளைக்குக் காலையில கரண்ட் இருக்காது ஆயா' என்றேன். 'அத்த சொல்றதுக்கா இம்மாம் பெரிய காகிதம்?' என்று மாவு அரைக்கப் போய்விட்டார். அந்த ஆயாவின் 'கீது' என்ற சொல்லைச் சினிமாக்காரர்கள் காலங்காலமாகக் கேலி செய்து காசு பார்த்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், 'இருக்கிறது' என்பது ஆங்கிலக் கணக்கில் ஐந்து சிலபிள், 'கீது' இரண்டு. அர்த்தத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை. வடசென்னைக்காரர்கள் நீளத்தை இழுத்துக்கொண்டு நடக்க மாட்டோம், வேலை இருக்கிறது.

உங்கள் பத்திரிகையும் இதில் தப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பிக்கொண்டபோது, மீனவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே போட்ட செய்திகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அதே நாட்களில் வந்த 'சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கான முகாந்திரங்கள் குறித்த விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்ற வகைச் செய்தி ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. வெறுங்கை முழம் போடுமா என்பார்கள்; அறிக்கைகள் மட்டும் எப்படியோ போட்டுவிடுகின்றன.

கேட்பது இவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கான குறிப்பைத் திருத்தி இன்னொரு முறை போடுங்கள். மூலம் லத்தீன், நேர்ப்பொருள் ஒன்றரை அடி நீளமானது, தமிழில் முழ நீளச் சொல், கேலியாகச் சொல்வது. பல்லசைச் சொல் என்பதைப் பாலிசிலபிக்குக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சரியாகப் பொருந்தும். உச்சரிப்பையும் போடுங்கள், அழுத்தம் 'டே' மேல் விழ வேண்டும், என் மகளின் வகுப்பில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், அடுத்த வாரம் 'ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்' என்று அந்தப் பகுதியின் அடியில் அறிவித்திருக்கிறீர்கள். நிமோனோவில் ஆரம்பித்து கோனியோசிஸில் முடியும் அந்த 45 எழுத்துக்காரர்தான் வரப்போகிறார் என்று நினைக்கிறேன். போடுவதானால் அது எந்த டாக்டரும் நோயாளிக்கு வைத்த பெயர் அல்ல என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 1935இல் அமெரிக்காவில் புதிர் போடுகிறவர்களின் தேசிய சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர், மிக நீளமான சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே கட்டிய சொல் அது. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிவதால் வரும் நோய் என்று அதற்குப் பொருள் வைத்தார். கல் உடைக்கிறவர்களுக்கும் மணல் வீசித் தேய்க்கும் வேலை செய்கிறவர்களுக்கும் உண்மையிலேயே அந்த நோய் வருகிறது, எண்ணூர்ப் பக்கம் சாம்பலையும் தூசியையும் சுவாசித்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் பகுதியைப் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதை சிலிக்கோசிஸ் என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சின்னப் பெயரையும் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகர்,
சென்னை